ஜனவரி ஒன்றில் பிறந்தவர்கள்

சோள ரொட்டி மாவை வெந்நீர் விட்டுத்தான் பிசைய வேண்டும், மேடம். பச்சைத் தண்ணீர் விட்டால் தட்டும்போதே ஓரம் வெடித்துவிடும். நான் பீமவரத்துக்காரன், சோறு தின்று வளர்ந்தவன். இதெல்லாம் சத்தம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாதாபூரில் எங்கள் ஆபீஸ் இருக்கிற தெருவின் முனையில் தினமும் சாயங்காலம் அவர் அடுப்பு மூட்டுவார். பக்கத்தில் அவர் கணவர் யாதய்யா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ரொட்டி சுற்றிக் கொடுப்பதற்காகப் பழைய செய்தித்தாளைக் கிழித்துக்கொண்டிருப்பார். பூண்டுக் காரமும் கோங்கூராக் கீரைப் பச்சடியும் வைத்து இரண்டு ரொட்டி சாப்பிட்டால் ராத்திரிக்கு வேறு எதுவும் வேண்டாம்.

யாதய்யா இறந்ததைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று தெரியும். அதற்கு வருகிறேன். நீங்கள் கேட்ட கடவுச்சொல்லுக்கும் வருகிறேன். நடந்ததை என் சொந்த வார்த்தைகளில் சொல்லச் சொன்னீர்கள், அதனால் முதலிலிருந்து சொல்வதுதான் முறை. உங்கள் ஸ்டேஷன் எழுத்தர் கொஞ்சம் நிதானமாக எழுதுகிறார். பரவாயில்லை, அவர் வேகத்துக்கே சொல்கிறேன்.

என் பெயர் பானுமூர்த்தி. மென்பொருள் எழுதுகிறவன். என்னிடம் வேலை கற்றுக்கொண்டவர்கள் இன்று என்னைவிடப் பெரிய நாற்காலியில் இருக்கிறார்கள், எனக்கு அதில் வருத்தம் இல்லை. எங்கள் வாடிக்கையாளர் ஒரு தர்ம அறக்கட்டளை. மாவட்டந்தோறும் இலவச டயாலிசிஸ் மையம் நடத்துகிறார்கள். சிறுநீரகம் கைவிட்டவர்களுக்கு வாரத்தில் சில தடவை ரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். அது தவறினால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், அப்புறம் மூச்சு திணறும். யாருக்கு எந்த மையத்தில் எந்தக் கிழமை என்பதை எங்கள் மென்பொருள்தான் சொல்லும். மையத்தின் திரையில் பெயர் வந்தால் அலமாரிப் பூட்டு தானாகத் திறந்து வடிகட்டி கிடைக்கும். பெயர் வராவிட்டால் அங்கே நிற்கிற டெக்னீஷியன் தலைகீழாக நின்றாலும் பூட்டு திறக்காது. அந்தப் பூட்டும் என் யோசனைதான். வடிகட்டி திருட்டு அடியோடு நின்றது. அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

நோயாளிகளின் விவரத்தை நிரலுக்குள் அகராதி என்கிற அமைப்பில் வைத்திருந்தோம். அதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. யாதகிரிகுட்டா கோயில் வாசலில் செருப்பு விடுகிற இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். டோக்கனைக் காட்டினால் அங்கிருப்பவர் நேரே அந்த மாடத்துக்குப் போய்ச் செருப்பை எடுத்து வருவார், ஒவ்வொரு மாடமாகத் தேட மாட்டார். அந்த டோக்கனுக்கு எங்கள் தொழிலில் சாவி என்று பெயர். எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர் எல்லாச் செருப்பையும் தரையில் குவித்து வைத்திருந்தார். ஒருவர் பெயரைச் சேர்க்கக் குவியல் முழுவதையும் கிளறுவார். அவர் இப்போது கனடாவில் இருக்கிறார். சந்தோஷமாக இருப்பதாகக் கேள்வி.

நான் வந்து குவியலை மாடங்களாக மாற்றினேன். ஒரு புதிய ஜோடியை மாடத்தில் வைக்க அப்போது மூன்று வழிகள் என் முன்னால் இருந்தன. முதலில் வெறுங்கையோடு போய் மாடம் காலியா என்று பார்த்துவிட்டு வந்து, பிறகு செருப்பைத் தூக்கிக்கொண்டு போய் வைக்கலாம். இதில் இரண்டு நடை. அல்லது நேரே எடுத்துப் போகலாம், அங்கே ஏற்கெனவே ஒரு ஜோடி இருந்தால் கூச்சல் போட்டுக் கடையையே இழுத்து மூடிவிடலாம். இல்லையென்றால் நேரே போய் வைத்துவிட்டு வந்துவிடலாம். அங்கே முன்பே இருந்த ஜோடி என்னவாகும் என்றால், இல்லாமல் போகும். சத்தமே வராது. ஒரே நடை.

முதலில் நான் எழுதியது கூச்சல் போடுகிற வழி. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் எடுத்தவுடனே தப்பான வழியில் போகிறவன் இல்லை.

சாவி எது என்பதை அறக்கட்டளையே முடிவு செய்தது. ஆதார் எண்ணை வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அவர்கள் வக்கீல் சொல்லிவிட்டார். போன் நம்பர் சரிவராது, பாதிப் பேர் மளிகைக்கடை நம்பரைக் கொடுக்கிறார்கள். ஆளுக்கு ஒரு புது எண் கொடுத்தால் ஒரே ஆள் இரண்டு ஊரில் இரண்டு எண் வாங்கிக்கொள்வான் என்று சேர்மனுக்குப் பயம். அதனால் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, இந்த மூன்றையும் ஒட்டி ஒரு சாவி. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அந்த மூன்றும் ஒன்றாக அமைந்த இன்னொரு ஆளை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. உங்களுக்கும் எனக்கும் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது, அம்மா சொல்லி வைத்த நட்சத்திரம் இருக்கிறது. மையத்துக்கு வருகிறவர்களிடம் பதிவு செய்கிறவர் எப்போது பிறந்தாய் என்று கேட்டால், ஒரு அறுபது இருக்கும் என்பார்கள். அவர் கழித்துப் பார்த்து ஒரு வருஷத்தைப் போட்டு, தேதி கேட்கிற கட்டத்தில் ஜனவரி ஒன்று என்று போடுவார். ஆக எங்கள் மாநிலத்து ஏழைகள் எல்லோரும் புத்தாண்டு அன்றைக்குப் பிறந்தவர்கள். எல்லோருக்கும் வயது ஐம்பது, இல்லையென்றால் அறுபது. நல்கொண்டா பக்கம் ஆண்பிள்ளை என்றால் யாதய்யா, அப்பா என்றால் மல்லய்யா.

தொடக்க விழாவன்று சேர்மன் பொத்தானை அமுக்கினார். திரையில் பெயர்கள் ஓடின. இரண்டாவது யாதய்யா வந்ததும் நிரல் கூச்சல் போட்டு நின்றது. எல்லா மையத்துத் திரையும் வெள்ளையாகிவிட்டது. எங்கள் மேனேஜர் கோட்டேஸ்வர ராவ் என் காதருகே குனிந்தார்.

"என்ன பானு, ஒரு யாதய்யா கூடுதலா வந்தா ஸ்டேட்டே நின்னுடுமா?"

"ஒரே சாவியில ரெண்டு ஆள் வந்திருக்காங்க, கோட்டி சார். யாரு என்னன்னு பாத்துட்டு..."

"யாருன்னு பாக்கிறதுக்கா நமக்கு வேலை கொடுத்திருக்காங்க? பொண்ணு பாக்க வந்திருக்கோமா? நிக்காம ஓடணும், அவ்வளவுதான். சேர்மன் கையைத் தூக்கினபடியே நிக்கிறாரு பாரு."

நான் ஒரே ஒரு சொல்லை மாற்றினேன், கூச்சல் வழி மூன்றாவது வழியானது. நிரல் ஓடியது. கைதட்டினார்கள். லட்டு கொடுத்தார்கள், நெய் கொஞ்சம் அதிகம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எல்லோருக்கும் ஆச்சரியம். அறக்கட்டளையின் காத்திருப்போர் வரிசை மாதாமாதம் சுருங்கிக்கொண்டே வந்தது. புதிதாக ஆட்கள் சேர்ந்துகொண்டே இருந்தார்கள், மொத்தம் மட்டும் ஏறவில்லை. சேர்மன் எங்கள் ஆபீஸுக்கே வந்து, "பாத்தீங்களா, ஏமாத்துக்காரங்க எல்லாம் வடிஞ்சுட்டாங்க" என்றார். போனவர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்கவில்லை. சுருங்குகிற வரிசையைப் பார்த்து யார் கேள்வி கேட்பார்கள்? உகாதிக்கு எனக்குச் செயல்திறன் விருது கொடுத்தார்கள். தேங்காய் அளவில் ஒரு கண்ணாடி உருண்டை. மேடையில் நான் படம் போட்டுக் காட்டினேன்: பார்த்துவிட்டு வைத்தால் இரண்டு நடை, என் வழியில் ஒரே நடை, வேலை பாதி. மிச்சமானது கண் இமைக்கிற நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதைப் படத்தில் போடவில்லை, இடம் இல்லை.

ஸ்வரூபா ராணிதான் முதலில் கேட்டவர். இப்போது வெளியே பெஞ்சில் லாப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். வாரங்கல்காரர். நாங்கள் எழுதுவதில் குறை கண்டுபிடிப்பது அவர் வேலை. குறை கிடைக்காத நாளில் அவருக்குச் சோறு இறங்காது என்று கிண்டல் செய்வோம். ஒரு நாள் காண்டீனில் தட்டோடு வந்து என் எதிரே உட்கார்ந்தார். என்னை மரியாதையாகக் காரு சேர்த்துத்தான் கூப்பிடுவார்.

"பானு காரு, உங்க அகராதி ஆளைத் திங்குது."

"எவ்வளவு வேகமா திங்குதுன்னு பாத்தீங்களா?" என்றேன். மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"நான் சோதனைக்குப் பத்து பேரைச் சேர்த்தேன். எல்லாருக்கும் பேரு நர்சம்மா, அப்பா கொமரய்யா, ஜனவரி ஒண்ணு. உள்ள போய்ப் பாத்தா ஒரே ஒரு நர்சம்மா உக்காந்திருக்கா. மத்தவங்களை எங்க வச்சிருக்கீங்க?"

"கற்பனை ஆளுங்களுக்கு எதுக்குங்க இவ்வளவு துக்கம்?"

"எங்க ஊர்ல வந்து கொமரய்யான்னு ஒரு குரல் கொடுங்க. தெருவே திரும்பிப் பாக்கும். அவங்க கற்பனை இல்ல."

அவர் இதைக் குறையாகப் பதிவு செய்தார். முறைப்படி அது என்னிடம்தான் வந்தது. 'வடிவமைத்தபடியே இயங்குகிறது' என்று எழுதி மூடினேன். அது பொய் இல்லை. மறுபடி திறந்தார், மறுபடி மூடினேன். இப்படிச் சில தடவை நடந்தது. கோட்டி சார் இருவரையும் கூப்பிட்டு, "ரெண்டு பேரும் நல்லா வேலை செய்றீங்க, ஆனா ஒருத்தர் மேல ஒருத்தர் செய்யாதீங்க" என்றார். ஸ்வரூபாவை வேறு ஒரு வாடிக்கையாளருக்கு மாற்றினார். ஷாம்பு கம்பெனி.

இனி சத்தம்மா. ஒரு சாயங்காலம் ரொட்டியை என் கையில் கொடுத்துவிட்டு அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பாபு, நீங்க கம்ப்யூட்டர் ஆளுதானே. எங்க ஆளு பேரு அந்த டப்பாவுல வரலையாம். போயிட்டுப் போயிட்டுத் திரும்பி வராரு. காலைப் பாருங்க, பூசணிக்கா மாதிரி வீங்கிக் கிடக்கு."

யாதய்யாவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது என்பது எனக்கு அதுவரை தெரியாது. எந்த மையம் என்று கேட்டேன். எங்களுடையதுதான்.

யாதய்யா செய்தித்தாளைக் கிழித்தபடியே சிரித்தார். "பேரு எங்க போயிடும், பாபு? யாதய்யாங்கிற பேரை எவன் திருடப் போறான்? தங்கத்துல செஞ்சதா?"

அங்கேயே நின்றுகொண்டு போனில் பார்த்தேன். அவர் சாவிக்கு ஒரு யாதய்யா இருந்தார், ஆனால் இவர் இல்லை. தேவரகொண்டா பக்கம் கள் இறக்குகிறவர் ஒருவர், அவர் அப்பாவும் மல்லய்யா, அவருக்கும் அறுபது வயது. அவர் வந்து சேர்ந்த அன்று இவர் போயிருக்கிறார். நான் சத்தம்மாவின் கணவரைப் புதிதாகச் சேர்த்தேன். மறுநாள் திரையில் பெயர் வந்தது. அன்று சாயங்காலம் சத்தம்மா என் ரொட்டி மேல் வெண்ணெய் வைத்தார், மற்றவர்களுக்கு வைக்கவில்லை. "எங்க பாபு போன்ல விரலை வச்சாரு, பூட்டு திறந்துடுச்சு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க மாட்டேன். கண்ணாடி உருண்டை வாங்கிய அன்றைவிட அதிகச் சந்தோஷம்.

இவரைச் சேர்த்ததில் தேவரகொண்டா யாதய்யா பட்டியலில் இல்லாமல் போனார் என்பது எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். அந்தக் கட்டளையை எழுதியவனே நான்தானே.

அவர் சும்மா இருக்கவில்லை. அந்த மையத்தில் சண்டை போட்டு மறுபடி பதிவு செய்துகொண்டார். இவர் போனார். சத்தம்மா சொன்னதும் நான் இவரைச் சேர்த்தேன், அவர் போனார். இப்படியே ஒருவரை ஒருவர் தெரியாமலே இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்தார்கள். இதில் எனக்குப் பிடிக்காதது ஒழுங்கின்மை. யார் அதிகம் கத்துகிறாரோ அவருக்கு இடம் என்பது நியாயமில்லை. அதனால் ஒரு சின்ன நிரல் எழுதினேன். ஒரு முறை இவரைச் சேர்க்கும், அடுத்த முறை அவரைச் சேர்க்கும். யாரும் கத்த வேண்டியதில்லை. மிகவும் சுத்தமான நிரல் அது, மேடம். நான் எழுதியவற்றில் அதுதான் அழகானது என்று இன்றைக்கும் சொல்வேன்.

அழகானதை ஒரே ஒரு சாவியோடு நிறுத்திக்கொள்ள மனம் வரவில்லை. யாதய்யாவுக்கு ஒரு நீதி, நர்சம்மாவுக்கு ஒரு நீதி என்று இருக்க முடியாது. காணாமல் போனவர்களின் பழைய விண்ணப்பங்களைத் தோண்டி எடுத்து, சாவி மோதுகிற எல்லோருக்கும் முறை வைத்தேன். அது என் சொந்தக் கணக்கில், என் கடவுச்சொல்லில் ஓடியது. கம்பெனிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அதன் விளைவைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். புகார்கள் நின்றுவிட்டன. அடியோடு பெயர் போனவன் கத்துகிறான். ஒரு தடவை வந்து ஒரு தடவை வராமல் போனால் யாரும் கத்துவதில்லை, தலையெழுத்து என்று திரும்பிப் போகிறார்கள். யாதய்யாவே என்னிடம் சொன்னார்.

"கரண்ட் மாதிரிதான், பாபு. இன்னைக்கு வருது, நாளைக்குப் போகுது. வர்ற அன்னைக்கு வாங்கிக்க வேண்டியதுதான்."

செருப்பு அப்போது அவர் காலில் நுழையவில்லை. நாற்காலிக்கு அடியில் கழற்றி வைத்திருந்தார். முகமும் ஊதியிருந்தது. செய்தித்தாளை அவர் கிழிக்கும்போது கோணலாகப் போனது, சத்தம்மா வாங்கி நேராகக் கிழித்துக்கொண்டார். இதையெல்லாம் நான் பார்த்தேன். கவனிப்பது என் தொழில்.

ஸ்வரூபா இதையும் கண்டுபிடித்துவிட்டார். ஷாம்புவில் இருந்துகொண்டு எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியாது. என் இடத்துக்கு வந்து நின்றார், உட்காரவில்லை.

"ரெண்டு பேருக்குப் பாதிப் பாதி சுத்தம் பண்ணினா ரெண்டு பேரும் பிழைப்பாங்கன்னு யார் உங்களுக்குச் சொன்னது? ரெண்டு பேரும் செத்துப் போவாங்க, பானு காரு. ஒருத்தர் முன்னாடி, ஒருத்தர் பின்னாடி."

"அப்ப யாரை நீக்கணும்னு நீங்களே சொல்லுங்க, நீக்கிடறேன்."

"யாரையும் நீக்க வேணாம். நாலாவதா ஒரு வழி இருக்குல்ல?"

உண்மைதான், இருக்கிறது. இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும், பேச்சு வாக்கில் விட்டுப்போயிற்று. ஒரே நடையில் போய், மாடம் காலியாக இருந்தால் வைத்துவிட்டு வரும். காலியாக இல்லாவிட்டால் எதையும் தொடாமல் திரும்பி வந்து, இடமில்லை என்று சொல்லும். கூச்சல் கிடையாது, கடையை மூடுவதும் கிடையாது. யாரும் தொலைவதும் இல்லை. அதுவும் ஒரே நடைதான். வேகத்தில் மயிரிழை வித்தியாசம்கூட இல்லை. முதல் நாளிலிருந்தே அது எனக்குத் தெரியும். வேலைக்கு ஆள் எடுக்கும்போது நானே கேட்கிற கேள்வி அது. பதில் சொல்லாதவர்களை நான் எடுப்பதில்லை.

ஆனால் அது திரும்பி வந்து இடமில்லை என்று சொல்லுமே, மேடம், அதை யாராவது காது கொடுத்துக் கேட்க வேண்டும். கேட்டால் இது வேறு யாதய்யா என்று தெரியும். ஆளுக்கு ஓர் எண் கொடுக்க வேண்டி வரும். அப்புறம் சேர்மனிடம் போய், வரிசை சுருங்கவே இல்லை ஐயா, ஏமாற்றுக்காரர்கள் யாரும் இல்லை, எல்லோரும் நிஜமான நோயாளிகள் என்று சொல்ல வேண்டும். கண்ணாடி உருண்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். இதையெல்லாம் ஸ்வரூபாவிடம் சொல்லவில்லை. பார்த்துச் செய்யலாம் என்று சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் ஓடுகிற நிரலில் யாரும் கை வைக்கக் கூடாது. ஏதாவது உடைந்தால் சனி ஞாயிறு பார்க்க ஆள் இருக்காது. உலகம் முழுக்க இதுதான். கோட்டி சார் இதை ஒரு பலகையில் பெரிதாக எழுதி, எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோர்த்துக் கட்டி மாட்டியிருக்கிறார். நான் அந்த வழக்கத்தை ஒரு தடவைகூட மீறியதில்லை.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது சத்தம்மாவின் போன் வந்தது. மையத்திலிருந்து பேசினார்.

"பாபு, எங்க ஆளுக்கு மூச்சு வாங்குது. போன தடவையும் வரலை, இன்னைக்கும் பேரு வரலை. அந்தத் தம்பி பூட்டை ஆட்டி ஆட்டிப் பாக்குறான், திறக்கல. நீங்க விரலை வச்சீங்கன்னா வந்துடும்."

ஏன் இரண்டு தடவை வரவில்லை என்று பார்த்தேன். அந்த வாரம் ஆலேரில் மூன்றாவதாக ஒரு யாதய்யா சேர்ந்திருந்தார். என் நிரல் அவருக்கும் முறை கொடுத்திருந்தது. நியாயமாக நடந்துகொண்டிருந்தது. சத்தம்மாவின் கணவருக்கு முறை திங்கட்கிழமை. போனில் அவர் இருமுவது கேட்டது, தண்ணீருக்குள் இருந்து இருமுவது மாதிரி.

"திங்கட்கிழமை காலையில முதல் வேலையா பண்ணிடறேன், அம்மா."

"திங்கட்கிழமையா? சரி பாபு. நீங்க சொன்னா சரிதான். அதுவரைக்கும் தண்ணி குடுக்காம வச்சிருக்கேன்."

ஸ்வரூபா பக்கத்தில் நின்றிருந்தார்.

"ஒரு வரி, பானு காரு. ஒரே ஒரு வரி. இப்பவே சேருங்க."

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த மாதிரி யாரும் என்னைப் பார்த்ததில்லை. எனக்குக் கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது. எழுதி வைத்த முறையை ஒருவருக்காக மீறினால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள். அன்று சாயங்காலம் தெருமுனையில் அடுப்பு இல்லை. வேறு கடையில் சாப்பிட்டேன், ஓரமெல்லாம் வெடித்திருந்தது.

யாதய்யா ஞாயிற்றுக்கிழமை காலையில் இறந்தார். அது எனக்குத் தெரியாது. சொன்ன சொல் தவறாமல் திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகப் பார்த்தேன், நிரல் தானாகவே அவரைச் சேர்த்திருந்தது. திரையில் பெயர் வந்தது, பூட்டு திறந்தது. கொஞ்ச நேரத்தில் மையத்திலிருந்து டெக்னீஷியன் கூப்பிட்டார். "சார், எல்லாம் ரெடியா இருக்கு, ஆளைக் காணோம்" என்றார்.

ஆக, செய்தது நான்தான். அதில் எனக்கு ஒளிவுமறைவு இல்லை. சரியான வழி தெரிந்தும் வேறு வழியில் போனேன், ஒரு வரி எழுதியிருந்தால் பிழைத்திருக்கக்கூடியவரைச் சாக விட்டுவிட்டேன், இன்னும் பெயர் தெரியாத எத்தனையோ பேருக்கும் இதே முறையை வைத்தேன். அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நேற்று சத்தம்மா இங்கே வந்து, எங்க பாபுவை எதுக்குப் பிடிச்சு வச்சிருக்கீங்க, அவரு இல்லேன்னா எங்க ஆளு இவ்வளவு நாளு இருந்திருக்க மாட்டாரு என்று உங்கள் காவலரிடம் சண்டை போட்டாராம். அதையும் சேர்த்துக்கொண்டால் நன்றாக இருக்கும்.

ஒரு விஷயத்தை மட்டும் தவறாக எழுதிவிடாதீர்கள். நான் ஆட்களை அழித்தேன் என்று ஸ்வரூபா தன் புகாரில் சொல்லியிருக்கிறார். என் நிரலை வரி வரியாகத் தேடிப் பாருங்கள், நீக்கு என்கிற கட்டளை ஓர் இடத்திலும் கிடையாது. நான் சேர்க்க மட்டுமே செய்தேன். யாதய்யா இறந்த பிறகும் அவரை நான் நீக்கவில்லை. அவர் முறை இப்போதும் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது, அவருக்காக அலமாரி திறக்கிறது.

அவர் முறை வருகிற அன்று தேவரகொண்டாவிலும் ஆலேரிலும் பெயர் வராது என்று ஸ்வரூபா உங்களிடம் சொல்லியிருப்பார். அது சரி. கள் இறக்குகிறவருக்கு இப்போது மூச்சு வாங்குகிறதாம். அந்தச் சின்ன நிரலை நிறுத்த என் கடவுச்சொல் வேண்டும், நிறுத்தினால்தான் எல்லோருக்கும் தனித்தனி எண் கொடுக்க முடியும், அதற்காகத்தான் அவர் காலையிலிருந்து பெஞ்சில் காத்திருக்கிறார்.

கடவுச்சொல்லைத் தர மாட்டேன் என்று நான் எங்கே சொன்னேன், மேடம்? கட்டாயம் தருகிறேன், திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக. இன்று வெள்ளிக்கிழமை.